ஈஸ்ட்டைக் காட்மியம் தாங்க வைக்கும் தாவர மரபணுக்கள்: எதை எடுப்பது, எப்படி நிரூபிப்பது

"பேக்கரி ஈஸ்ட்டில் ஒரு தாவர மரபணுவைச் சேர்த்தால் அது காட்மியம், ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்களைத் தாங்குமா? எந்த மரபணுவை எடுப்பது? வேலை செய்கிறது என்று ஆய்வகத்தில் எப்படிக் காட்டுவது? பிறகு அதைக் கழிவுநீரில் விட்டால் உலோகத்தை உறிஞ்சிவிடுமா?" என்பது கேள்வி. தாங்குமா என்றால், தாங்கும். 1990களின் கடைசியிலிருந்து பல ஆய்வகங்களில் இது வழக்கமான வேலை. சிக்கல் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. உலோகத்தைத் தாங்குவது ஒரு குணம், உலோகத்தை உள்ளே சேர்த்து வைப்பது வேறொரு குணம். சில மரபணுக்கள் காட்மியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளி ஈஸ்ட்டைக் காப்பாற்றும். அகார் தட்டில் ஈஸ்ட் செழிப்பாக வளரும், ஆனால் தண்ணீரில் காட்மியம் அப்படியே இருக்கும். வேறு சில மரபணுக்கள் காட்மியத்தை உள்ளேயே கட்டிப்போட்டுக் காப்பாற்றும். உங்களுக்கு இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மரபணு, ஈஸ்ட் ரகம், சோதனை முறை மூன்றும் அந்த முடிவைப் பொறுத்தே அமையும்.

கீழே பெரும்பாலும் காட்மியத்தை வைத்தே சொல்கிறேன். ஈஸ்ட்டில் மிக நன்றாக ஆராயப்பட்ட நச்சு உலோகம் அதுதான். ஈயத்தில் தொடங்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஈஸ்ட்டுக்குக் காட்மியம் தேவையே இல்லை, அதற்கென்று தனி வாசலும் இல்லை. துத்தநாகத்தை உள்ளே எடுக்கும் இசட்ஆர்டி1, மாங்கனீஸை எடுக்கும் எஸ்எம்எஃப்1 போன்ற கடத்திப் புரதங்கள் வழியாக அது நுழைகிறது. உள்ளே வந்ததும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது, புரதங்களில் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, செல்லைக் காக்கும் சிறு கந்தக மூலக்கூறான குளுட்டாத்தியோனின் கையிருப்பைக் கரைக்கிறது. ஈஸ்ட்டுக்கு இதற்கென்று சொந்தப் பாதுகாப்பு உண்டு. இரண்டு குளுட்டாத்தியோன் மூலக்கூறுகள் ஒரு காட்மியம் அயனியைப் பிடிக்கும். அந்த இணைப்பை, செல்லின் சேமிப்புப் பையான வாக்குவோலின் சவ்வில் இருக்கும் ஒய்சிஎஃப்1 என்ற கடத்தி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, வாக்குவோலுக்குள் தள்ளும். இந்த ஒரு மரபணுவை நீக்கினாலே ஈஸ்ட் காட்மியத்துக்கு மிகவும் பலவீனமாகிவிடும். தாவர மரபணுக்களைச் சோதிக்க ஒய்சிஎஃப்1 நீக்கிய ரகத்தை எல்லோரும் எடுப்பது இதனால்தான்.

தாவரங்கள் குளுட்டாத்தியோனோடு நின்றுவிடுவதில்லை. அதையே மூலப்பொருளாக வைத்து ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு பெப்டைடைச் செய்கின்றன. குளுட்டமிக் அமிலமும் சிஸ்டீனும் சேர்ந்த ஜோடி, இரண்டிலிருந்து பதினொன்று வரை வரிசையாகத் தொடர்ந்து, முடிவில் ஒரு கிளைசீனோடு நிற்கும். இவற்றைத் தாவர செல்களில் 1985இல் விவரித்தவர்கள் கிரில், வின்னாக்கர், சென்க் ஆகியோர். இதைச் செய்யும் நொதியின் மரபணுவை, அதாவது ஃபைட்டோகெலட்டின் சின்தேஸை, 1999இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அதில் இரண்டு குழுக்கள் கையாண்ட வழி உங்கள் கேள்வியேதான்: கோதுமை அல்லது அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களின் வழக்கமான மாதிரிச் செடி) மரபணுத் தொகுப்பை ஈஸ்ட்டில் ஏற்றி, காட்மியத்தில் பிழைத்த செல்லைப் பொறுக்கி, அதற்குள் எந்த மரபணு இருக்கிறது என்று பார்த்தார்கள். பேக்கரி ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதியில் இந்த சின்தேஸ் கிடையாது. பிளவு ஈஸ்ட்டான ஸ்கிசோசாக்கரோமைசிஸில் உண்டு. ஆகவே பேக்கரி ஈஸ்ட்டில் இதைச் சேர்ப்பது, செல்லுக்கு உண்மையிலேயே புதிதான ஒரு திறனைக் கொடுப்பதாகும்.

இனி மரபணுத் தேர்வு. சேர்த்து வைக்கும் ஈஸ்ட் வேண்டுமென்றால் இரண்டு நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. முதலாவது, மேலே சொன்ன சின்தேஸின் மரபணு, அதாவது அராபிடாப்சிஸின் பிசிஎஸ்1 அல்லது கோதுமையின் பிசிஎஸ்1. இது சைட்டோபிளாசத்தில் வேலை செய்யும் நொதி. சவ்வில் போய் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஈஸ்ட்டில் சிக்கலின்றி வேலை செய்யும். கோதுமை மரபணு, வாக்குவோல் சரியாக உருவாகாத ஈஸ்ட் ரகங்களில்கூடத் தாங்குதிறனைக் கூட்டியது. கட்டிப்போடுவது மட்டுமே ஓரளவு காப்பாற்றும் என்பதற்கு இது நேரடிச் சான்று. இரண்டாவது, எச்எம்ஏ3 குடும்பம். இவை ஏடிபியால் இயங்கும் உலோகப் பம்புகள். காட்மியத்தை வாக்குவோலுக்குள் தள்ளும். உலோகத்தை அளவுக்கு மீறிச் சேர்க்கும் நோக்கேயா என்ற செடியிலும் நெல்லிலும் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

எச்எம்ஏ3 எடுக்கிறவர்கள் பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அராபிடாப்சிஸில் ஆய்வகங்கள் வழக்கமாக வைத்திருக்கும் கொலம்பியா ரகத்தில் இந்த மரபணு பழுதானது. ஒரு எழுத்து விடுபட்டு, புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது. தரவுத்தளத்தில் முதலில் கண்ணில் படுவதும் கொலம்பியா வரிசைதான். அதை வாங்கி ஏற்றினால் ஈஸ்ட்டில் எந்த மாற்றமும் தெரியாது, குற்றம் பிளாஸ்மிட்டிலா (மரபணுவை ஏற்றிச் செல்லும் டிஎன்ஏ வளையம்) காட்மியத்தின் அளவிலா என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். வாஸிலெவ்ஸ்கியா ரகத்தின் வரிசையை எடுங்கள். நெல்லிலும் இதே கதை: நிப்போன்பாரே ரகத்தின் எச்எம்ஏ3 வேலை செய்யும், தானியத்தில் காட்மியம் அதிகம் சேரும் அஞ்சனா தன் ரகத்தின் எச்எம்ஏ3 வேலை செய்யாது. அந்த நெல்லில் காட்மியம் அதிகம் சேர்வதற்குக் காரணமே அதுதான்: வேரிலேயே பூட்டி வைக்கும் பம்பு பழுது என்பதால் உலோகம் மேலே ஏறிவிடுகிறது.

எச்எம்ஏ4 பெயரளவில் எச்எம்ஏ3க்குப் பக்கத்து வீடு; வேலை நேர் எதிர். அது செல்லின் வெளிச் சவ்வில் அமர்ந்து துத்தநாகத்தையும் காட்மியத்தையும் வெளியே தள்ளும். ஈஸ்ட் தாங்கும், சேர்க்காது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எச்எம்ஏ4 புரதத்தின் வால்பகுதியில் சிஸ்டீன் ஜோடிகளும் ஹிஸ்டிடின் வரிசையும் நிறைந்திருக்கின்றன. அந்த வாலை மட்டும் தனியாக ஈஸ்ட்டில் செய்ய வைத்தாலே காட்மியம் தாங்குதிறன் கூடுகிறது. பம்பு எதுவும் இல்லாமல், வெறுமனே உலோகத்தைப் பிடித்து வைப்பதால். எனவே தட்டில் தெரியும் வளர்ச்சியை மட்டும் வைத்து "இந்தக் கடத்தி வேலை செய்கிறது" என்று எழுதக் கூடாது.

பிசிஆர்1 என்ற அராபிடாப்சிஸின் சிறு சவ்வுப் புரதமும் ஈஸ்ட் வழியாகவே கண்டெடுக்கப்பட்டது. அதுவும் செல்லுக்குள் இருக்கும் காட்மியத்தைக் குறைத்தே காப்பாற்றுகிறது. மெட்டல்லோதயோனின்கள் சிஸ்டீன் மிகுந்த சின்னப் புரதங்கள். தாமிரத்துக்கு நல்ல தேர்வு. அவற்றைச் சோதிக்க ஈஸ்ட்டின் சொந்த மெட்டல்லோதயோனினான கப்1 இல்லாத ரகம் வேண்டும், இல்லாவிட்டால் பின்னணி வலுவே எல்லாவற்றையும் மறைத்துவிடும். துத்தநாகத்துக்கு எம்டிபி1 என்ற கடத்தி, இதற்கு ஈஸ்ட்டின் சொந்தத் துத்தநாகக் கடத்திகளான இசட்ஆர்சி1, கோட்1 இரண்டையும் நீக்கிய ரகம். ஆர்சனிக்குக்கு டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியின் ஏசிஆர்3, அல்லது அராபிடாப்சிஸின் ஏபிசிசி1, ஏபிசிசி2. பின்னவை இரண்டும் ஃபைட்டோகெலட்டினோடு சேர்ந்த ஆர்சனிக்கைக் கடத்துபவை. ஆகவே ஈஸ்ட்டில் பிசிஎஸ்ஸும் கூடவே இல்லாவிட்டால் அவற்றின் வேலை வெளியே தெரியாது. ஒற்றை மரபணுவை ஏற்றி "பலனில்லை" என்று கைவிடப்படும் முயற்சிகளில் இந்த வகை அடிக்கடி வரும்.

எந்த மரபணுவானாலும் பக்கத்தில் ஒரு செத்த பதிப்பு இருக்க வேண்டும். பிசிஎஸ்1இல் 56ஆவது சிஸ்டீன் வினைமையத்தில் இருக்கிறது. அதைச் செரினாக மாற்றினால் புரதம் உருவாகும், வினை நடக்காது. எச்எம்ஏ பம்புகளில் டிகேடிஜிடி என்று அழைக்கப்படும் ஐந்தெழுத்துப் பகுதியின் முதல் அஸ்பார்டிக் அமிலத்தை அலனினாக மாற்றினால் பம்பு நிற்கும், வால்பகுதி மட்டும் உலோகத்தைப் பிடிக்கும். அசலும் செத்த பதிப்பும் ஒரே அளவு தாங்கினால், நீங்கள் பார்ப்பது வெறும் ஒட்டிக்கொள்ளல்.

ஈஸ்ட் ரகம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிழைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நீக்கல் தொகுப்புகளில் பரவலாகக் கிடைப்பது பிஒய்4741. அதில் ஹிஸ்டிடின், லியூசின், யுராசில் தேவைகளோடு மெட்15 என்ற மரபணுவும் இல்லை. மெட்15 இல்லாத செல்லால் சல்ஃபைடை ஹோமோசிஸ்டீனாக மாற்ற முடியாது. மெத்தியோனின் வெளியிலிருந்து வர வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும். ஈயம் கலந்த தட்டில் இந்த ரகத்தின் காலனிகள் கரும்பழுப்பாக மாறுவது அந்த சல்ஃபைடால்தான். காட்மியத்தைத் தாங்குவதன் அடிப்படையே கந்தகப் பாதையாக இருக்கும்போது, அந்தப் பாதையில் ஓட்டை உள்ள ரகத்தில் அளப்பது விடையைக் கோணலாக்கும். சல்ஃபைடு காட்மியத்தை வீழ்படிவாக்கும், குளுட்டாத்தியோன் உற்பத்தியோ நீங்கள் போடும் மெத்தியோனின் அளவைச் சார்ந்திருக்கும். மெட்15 உள்ள பிஒய்4742இல் ஒய்சிஎஃப்1 நீக்கிய ரகத்தை எடுப்பது நல்லது. பிஒய்4741தான் கையில் இருக்கிறது என்றால் எல்லாத் தட்டிலும் மெத்தியோனின் ஒரே அளவாக இருக்கட்டும், முடிவை எழுதும்போது ரகத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இன்னொரு மறைவான வேறுபாடு பிசிஏ1. இது ஈஸ்ட்டின் சொந்தக் காட்மியம் வெளியேற்றும் பம்பு. பல ஆய்வக ரகங்களில் இதன் 970ஆவது இடத்தில் கிளைசீனுக்குப் பதில் ஆர்ஜினின் இருப்பதால் பம்பு செயலற்றது. தொழிற்சாலை ரகத்தையோ இயற்கையிலிருந்து பிரித்த ரகத்தையோ எடுத்தால் அதில் இந்தப் பம்பு உயிரோடு இருக்கக்கூடும். அப்போது தொடக்கத் தாங்குதிறனே பல மடங்கு உயர்ந்திருக்கும், உங்கள் தாவர மரபணுவின் பங்கு அதற்குள் கரைந்துவிடும். அதோடு அது உலோகத்தை வெளியே தள்ளுவதால், சேர்த்து வைக்கும் நோக்கத்துக்கே எதிராக வேலை செய்யும்.

மரபணுவை ஈஸ்ட்டின் கோடான் பழக்கத்துக்கு ஏற்பச் செயற்கையாக எழுதி வாங்குவது இப்போது எளிது. வெக்டர், அதாவது மரபணுவை ஏற்றும் பிளாஸ்மிட் விஷயத்தில், முதல் சோதனைக்குக் கேல்1 புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் சுவிட்ச்) கொண்ட, யூரா3 அடையாளமுள்ள பிளாஸ்மிட் வசதி: குளுக்கோஸில் மரபணு அணைந்திருக்கும், 2 சதவீத கேலக்டோஸில் எரியும், ஆக ஒரே செல்லை இரண்டு நிலையிலும் பார்க்கலாம். குளுக்கோஸிலிருந்து நேரடியாகக் கேலக்டோஸுக்கு மாற்றினால் பல மணி நேரத் தேக்கம் வரும். இடையில் ஒரு இரவு ராஃபினோஸில் வளர்த்தால் அது குறையும். பம்பு வகைப் புரதங்களை 2-மைக்ரான் வகையில் அதிக நகல்களாக ஏற்றினால் பெரும்பகுதி எண்டோபிளாச வலையிலேயே சிக்கி, காட்மியம் இல்லாத தட்டிலும் செல் மெதுவாக வளரும். அவற்றுக்கு ஒன்றிரண்டு நகல்கள் மட்டும் நிற்கும் சென்ட்ரோமியர் வகைப் பிளாஸ்மிட் பொருத்தம்.

ஈஸ்ட்டுக்குள் ஏற்றுவது லித்தியம் அசிட்டேட் முறைதான்: ஒரு மாதிரிக்கு 50 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350 240 மைக்ரோலிட்டர், 1 மோலார் லித்தியம் அசிட்டேட் 36, கொதிக்கவைத்து ஐஸில் குளிரவைத்த மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் கேரியர் டிஎன்ஏ 50, பிளாஸ்மிட்டும் தண்ணீருமாக 34; 42 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். தாவர மரபணு இல்லாத வெற்று வெக்டர், செத்த பதிப்பு, தாவர மரபணு, கூடவே ஒய்சிஎஃப்1ஐயே திருப்பி ஏற்றிய பிளாஸ்மிட் என நான்கையும் ஒரே நாளில் ஏற்றுங்கள். கடைசியானது, "இந்தத் தட்டில் காட்மியம் தாங்குதல் என்றால் எப்படி இருக்கும்" என்பதற்கான அளவுகோல்.

ஊடகம் சாதாரணமாகத் தோன்றும்; ஆனால் உலோகச் சோதனையின் விடையைத் தீர்மானிப்பதே அதுதான். ஒய்பிடி போன்ற செறிவான ஊடகத்தில் சோதிக்காதீர்கள். பெப்டோனில் இருக்கும் பெப்டைடுகளும் சிஸ்டீனும் காட்மியத்தைப் பிடித்துக்கொள்ளும். எழுதிய செறிவு ஒன்று, செல்லுக்குத் தெரியும் செறிவு வேறொன்று. யுராசில் இல்லாத செயற்கை ஊடகம் எடுங்கள்: அமினோ அமிலம் இல்லாத ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் லிட்டருக்கு 6.7 கிராம், சர்க்கரை 20 கிராம், தேவையான அமினோ அமிலங்கள், தட்டுக்கு அகார் 20 கிராம். வளரும்போது ஈஸ்ட் ஊடகத்தை அமிலமாக்கும், பிஎச் இறங்க இறங்கச் செல்லில் உலோகம் ஒட்டுவது குறையும். திரவத்தில் அளக்கும்போது எம்இஎஸ் பஃபர் 50 மில்லிமோலாரில், பிஎச் 5.5 முதல் 6க்குள் நிறுத்துங்கள். சிட்ரேட் பஃபர் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், டிரிஸ் தாமிரத்தோடு சேரும், இரண்டும் வேண்டாம்.

ஈயத்தில் தொடங்காதீர்கள் என்றதற்கும் காரணம் ஊடகம்தான். நைட்ரஜன் பேஸில் லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் பாஸ்பேட்டும் 5 கிராம் அம்மோனியம் சல்ஃபேட்டும் இருக்கின்றன. ஈய நைட்ரேட்டைச் சேர்த்தவுடன் பால்போல் கலங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கலங்கிய பகுதி செல்லை எட்டுவதில்லை. "2 மில்லிமோலார் ஈயத்தைத் தாங்குகிறது" என்று வரும் முடிவுகளில் எத்தனை, பாஸ்பேட்டைக் குறைக்காத ஊடகத்தில் எடுக்கப்பட்டவை என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

காட்மியம் குளோரைடில் புட்டிமேல் எழுதிய நீர்மூலக்கூறு எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டரை நீர் கொண்ட வடிவத்தின் மூலக்கூறு எடை 228.35, நீரற்றது 183.3, மாற்றிக் கணக்கிட்டால் கால் பங்கு பிழை வரும். முதல் வடிவத்தில் 2.28 கிராமை 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்தால் 100 மில்லிமோலார். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சுமார் 55 டிகிரிக்கு ஆறிய அகாரில் சேருங்கள். 500 மில்லிலிட்டர் அகாரில் 250 மைக்ரோலிட்டர் விட்டால் 50 மைக்ரோமோலார். ஒய்சிஎஃப்1 நீக்கிய ரகம் பொதுவாகச் சில பத்து மைக்ரோமோலாரிலேயே திணறும், அசல் ரகம் அதைவிட மேலே போகும். இந்த எல்லை ரகத்துக்கும் ஊடகத்துக்கும் ஏற்ப நகரும். வேறொருவரின் அளவை அப்படியே எடுக்காமல் 0, 10, 20, 40, 60, 80, 100 என ஒரு வரிசை போட்டு, வெற்று வெக்டர் எங்கே நிற்கிறது, ஒய்சிஎஃப்1 எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் சோதனைக் களம்.

புள்ளிச் சோதனைக்குச் செல்களை வளர்ச்சியின் நடுப்பகுதியில் எடுத்து, தண்ணீரில் கழுவி, ஓடி 600 (600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் செல் கலங்கல்) அளவில் 1க்குக் கொண்டுவந்து, பத்து மடங்கு வீதம் நான்கு முறை நீர்த்து, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் வையுங்கள். 30 டிகிரியில் இரண்டு முதல் நான்கு நாள். ஒவ்வொரு நாளும் படம் எடுங்கள். அடர்ந்த முதல் புள்ளியைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்: செல்கள் கூட்டமாக இருந்தால், வெளிப்புறச் செல்கள் தங்கள் சுவரில் காட்மியத்தைப் பிடித்து உள்ளே உள்ளவற்றைக் காப்பாற்றிவிடும். மூன்றாவது, நான்காவது நீர்ப்பில் தெரியும் வேறுபாடுதான் உண்மையானது. திரவத்தில் அளக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, தொடக்க ஓடி 0.05க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து நாள் கழித்து மங்கிய புள்ளிக்கு நடுவே ஒன்றிரண்டு பெரிய காலனிகள் எழும்பும். உற்சாகப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் ஈஸ்ட்டின் சொந்த மரபணுவில் சடுதிமாற்றம் வந்து பிழைத்தவை. தாமிரத்தில் இது இன்னும் சகஜம், கப்1 மரபணுவின் நகல்கள் பெருகிவிடும். பிரித்தறிய வழி எளிது. தாங்கும் காலனியை லிட்டருக்கு 1 கிராம் 5-எஃப்ஓஏ உள்ள, யுராசில் சேர்த்த தட்டில் வளர்த்தால் யூரா3 பிளாஸ்மிட்டை இழந்த செல்கள் மட்டும் பிழைக்கும். அவற்றை மறுபடி காட்மியத்தில் வையுங்கள். தாங்குதிறன் போய்விட்டால் அது பிளாஸ்மிட்டின் கொடை. நீடித்தால் செல்லே மாறிவிட்டது. அதோடு பிளாஸ்மிட்டை மீட்டு, ஈகோலையில் பெருக்கி, புதிய ஈஸ்ட்டில் ஏற்றி, அதுவும் தாங்குகிறதா என்று பார்த்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

பிசிஎஸ்1 எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்றால் முதலில் குளுட்டாத்தியோனைச் சந்தேகியுங்கள். நொதி எவ்வளவு இருந்தாலும் மூலப்பொருள் அதுதான், செல்லின் மற்ற தற்காப்புக்கும் அதுவே வேண்டும். நொதியை அதிகமாக்கி மூலப்பொருளைக் கூட்டாவிட்டால் குளுட்டாத்தியோன் வற்றி, செல் முன்னைவிடப் பலவீனமாகவும் ஆகலாம். அராபிடாப்சிஸிலேயே பிசிஎஸ்1ஐ மிகையாக்கிய செடிகள் காட்மியத்தில் கூடுதலாக வாடிய முடிவுகள் வெளிவந்திருக்கின்றன. குளுட்டாத்தியோனைச் செய்ய உதவும் ஈஸ்ட்டின் ஜிஎஸ்எச்1 மரபணுவையும் கூட ஏற்றுவது இதற்கான வழி. எவ்வளவு ஏற்றினால் சரியான சமநிலை என்பதற்குப் பொது விதி கிடையாது, உங்கள் ரகத்தில் அளந்தே தீர வேண்டும்.

ஃபைட்டோகெலட்டின் உண்மையில் உருவாகிறதா என்பதையும் காட்ட வேண்டும். செல்களை, 6.3 மில்லிமோலார் டிடிபிஏ கலந்த 0.1 சதவீத டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தில் கண்ணாடி மணிகளோடு உடைத்து, குளிர்நிலையிலேயே சுழற்றித் தெளிந்ததை எடுத்து, மோனோபுரோமோபைமேன் சேர்த்து, இருட்டில் 45 டிகிரியில் அரை மணி வைத்து, மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஒளிர்வைப் பார்ப்பது பழகிய முறை. காட்மியம் கொடுக்காத செல்லில் ஃபைட்டோகெலட்டின் மிகச் சொற்பமாக இருப்பது சகஜம். இந்த நொதி உலோகம் இருந்தால்தான் முழு வேகத்தில் ஓடும். கடத்திப் புரதமானால், பச்சை ஒளிர்புரதத்தை வாலில் இணைத்து, எஃப்எம்4-64 சாயத்தால் வாக்குவோல் சவ்வைக் காட்டி, இரண்டும் ஒரே வளையமாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அணுக்கருவைச் சுற்றி வளையம் தெரிந்தால் புரதம் எண்டோபிளாச வலையில் தங்கிவிட்டது.

இப்போது உலோக அளவு. தாங்குதலையும் சேர்த்தலையும் பிரித்துக்காட்டும் ஒரே சோதனை இதுதான், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரே எண்ணிக்கையில் செல்களை எடுத்து, வெற்று வெக்டரும் உயிரோடிருக்கும் அளவான காட்மியத்தில், 20 மைக்ரோமோலார் போல, சில மணி நேரம் மட்டும் வையுங்கள். ஒரு நாள் முழுக்க வைத்தால் தாங்கும் செல் பெருகி, உள்ளிருக்கும் காட்மியம் மகள் செல்களுக்குப் பங்கிடப்பட்டு, செல் ஒன்றுக்கான அளவு குறைந்ததுபோல் தெரியும். பிறகு 3,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, உலோகத்தைப் பிடித்து அகற்றும் இடிடிஏவின் ஐஸ்போல் குளிர்ந்த 10 மில்லிமோலார் கரைசலில் இரண்டு முறை, அயனி நீக்கிய தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். இடிடிஏ கழுவலைத் தவிர்த்தால் சுவரில் ஒட்டிய காட்மியமும் "உள்ளே சேர்ந்த" கணக்கில் வந்துவிடும். 80 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, அடர் நைட்ரிக் அமிலத்தில் 95 டிகிரியில் கரைத்து, அமிலம் 2 சதவீதமாகும்படி நீர்த்து, உலோக அளவைக் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுங்கள். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் குழாய்களே பாதுகாப்பு. தாங்குதல் கூடி, உலோகமும் கூடியிருந்தால் அல்லது மாறாமல் இருந்தால் கட்டிப்போடுகிறது. தாங்குதல் கூடி உலோகம் குறைந்திருந்தால் வெளியே தள்ளுகிறது அல்லது உள்ளே விடவில்லை.

கழிவுநீர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் காட்மியத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். தட்டில் நாம் பயன்படுத்தும் 50 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு 5,620 மைக்ரோகிராம். கிட்டத்தட்ட 1,900 மடங்கு. அதில் பிழைக்கும் ஈஸ்ட் திறமையானதுதான். ஆனால் நீரைச் சுத்தப்படுத்தும்போது கடினமான பகுதி, மிகக் குறைந்த செறிவில் மிச்சமிருக்கும் காட்மியத்தைத் தேடிப் பிடிப்பது. அதைத் தாங்குதிறன் தராது, உள்ளே இழுக்கும் கடத்திதான் தரும். உலோகம் சேர்க்கும் செடிகளும் உறிஞ்சுதல், கட்டுதல், பூட்டி வைத்தல் என மூன்றையும் சேர்த்தே செய்கின்றன. எம்ஐடியில் 2019இல் வெளியான ஆய்வு இந்த வழியில்தான் போனது: உறிஞ்சும் கடத்திகளையும் வாக்குவோலில் பூட்டும் கடத்திகளையும் ஈஸ்ட்டில் சேர்த்துக் கூட்டினார்கள். 2017இல் புக்கரெஸ்ட் குழு வேறொரு வழியைக் காட்டியது: அராபிடாப்சிஸ், நோக்கேயா செடிகளின் மெட்டல்லோதயோனின்களைச் சவ்வின் உட்புறத்தில் நங்கூரமிட்டு, உலோகம் நுழையும் இடத்திலேயே பிடிக்க வைத்தார்கள். வரிசை மாறக் கூடாது. பூட்டும் ஏற்பாடு இல்லாமல் உறிஞ்சுவதை மட்டும் கூட்டினால் செல் செத்துவிடும்.

இதில் உறுதியானது எது, இன்னும் நிலைநாட்டப்படாதது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தாவர மரபணு ஈஸ்ட்டின் காட்மியத் தாங்குதலைக் கூட்டும், வடிவமைத்தால் சேர்க்கும் அளவையும் கூட்டலாம்: இவை உறுதி. அந்த ஈஸ்ட் உண்மையான தொழிற்சாலைக் கழிவில், கால்சியம், துத்தநாகம், சோப்பு, அமிலம் எல்லாம் கலந்த நீரில், செலவுக்கேற்ற பலன் தருமா என்பது வேறு வழக்கு. துத்தநாகம் அதே வாசலுக்குப் போட்டியிடும். உயிருள்ள ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும், அது நீரில் வேறொரு மாசாகும். மிக முக்கியமாக, செத்த ஈஸ்ட்டே தன் சுவரின் பாஸ்பேட், கார்பாக்சில் தொகுதிகளால் சில நிமிடங்களில் நல்ல அளவு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு எந்த மரபணு மாற்றமும் தேவையில்லை. ஆகவே கழிவுநீர் பலன் பற்றி எழுதும் எவரும், வெப்பத்தால் கொன்ற அதே எடை ஈஸ்ட்டையும் 4 டிகிரியில் வைத்த உயிருள்ள ஈஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத சதவீதங்களை நான் பலனாக எடுத்துக்கொள்வதில்லை. மரபணு மாற்றிய ஈஸ்ட்டைத் திறந்த நீரில் விடக் கூடாது. மூடிய தொட்டிக்குள்தான் இந்த யோசனைக்கு இடம். தொட்டியில் என்றாலும், காட்மியம் நிறைந்த ஈஸ்ட்டை நீரிலிருந்து பிரித்தெடுக்கும் வழியை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள். செல்கள் செத்து உடைந்தால் பிடித்ததெல்லாம் திரும்ப நீருக்கே போகும்.

கையாளுதலில் அலட்சியம் வேண்டாம். காட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது. தூளை ஃப்யூம் ஹூட்டில் மட்டும் எடை போடுங்கள், கையுறையை அடிக்கடி மாற்றுங்கள், எடைபோட்ட காகிதமும் நச்சுக் கழிவுதான். ஆட்டோக்ளேவ் ஈஸ்ட்டைக் கொல்லும், உலோகத்தை ஒன்றும் செய்யாது. அதனால் கொன்ற பிறகும் அந்தத் தட்டுகளும் திரவமும் கன உலோகக் கழிவுக்கான தனிக் கொள்கலனுக்கே போக வேண்டும், கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. பாதரசம் கலந்த ஊடகத்தை ஆட்டோக்ளேவில் வைக்கவே வைக்காதீர்கள், ஆவி கிளம்பும். அதை வேதிமுறையில் செயலிழக்கச் செய்ய உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் முறை கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அந்த உலோகத்தைத் தொடுங்கள்.